ரெய்டு வந்தால் பயமா? – வன்தட்டு அடுக்குகளும் சில சிரிப்புகளும்

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் துறை மாணவன்)

"ரெய்டு" என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் வருமான வரி ரெய்டு என்றுதான் சொல்வார்கள். இன்-பிளான்ட் டிரெயினிங் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ரெய்டு பத்தித் தெரிஞ்சுக்கிட்டேம்மா" என்றேன். அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, கம்பெனிக்கு ரெய்டு வந்துருச்சா கண்ணு? உன்னைய ஒண்ணும் கேக்கலையே?" என்று பதறிவிட்டார்.

அன்று இரவு அம்மாவுக்கு நான் சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அப்பா லோடுமேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் யாருக்கும் சொல்லிவிடலாம் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் பயிற்சிக்குப் போன கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே போன இரண்டாவது வாரமே சர்வர் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய வெளியூரிலிருந்து தரவுத்தள நிர்வாகி ஒருவரை வரவழைத்தார்கள். பல வருட அனுபவம் உள்ளவர். மூன்று நாள் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பதும், கழற்றிய திருகுகளைப் பத்திரமாக வைப்பதும் என் வேலை. வேலை நடக்கும்போது அவர் ரெய்டு பற்றி ஜோக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா சேர்ந்து சிரித்துவைத்தேன். மூன்றாவது நாள் எல்லாம் புரிந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரெய்டு பிறந்த கதை

1980-களில் பெரிய கணிப்பொறிகளுக்கு ஐ.பி.எம். 3380 போன்ற ராட்சத வன்தட்டுகள்தான் இருந்தன. அலமாரி அளவு இருக்கும். விலையும் அதற்கேற்ற மாதிரிதான். அதே சமயத்தில் சொந்தக் கணிப்பொறிகளுக்காக 100 மெகாபைட் அளவுள்ள சின்ன, மலிவான தட்டுகள் வர ஆரம்பித்தன. அமெரிக்காவில் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர், "பெரிய தட்டு ஒன்றுக்குப் பதிலாகச் சின்னத் தட்டுகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் என்ன?" என்று 1988-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில்தான் ரெய்டு என்ற பெயர் வந்தது. மலிவான தட்டுகளின் அடுக்கு, அதில் உபரியாகவும் கொஞ்சம் எழுதி வைக்கப்பட்டிருக்கும் என்பது அந்த ஆங்கிலப் பெயரின் பொருள்.

உபரி எதற்கு? அதற்கும் அந்தக் கட்டுரையிலேயே கணக்கு இருக்கிறது. ஒரு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது மூன்று வருடத்துக்கும் மேல். நல்ல ஆயுள்தான். ஆனால் 100 தட்டுகளைச் சேர்த்துக் கட்டினால், அதில் ஏதாவது ஒன்று கெட்டுப்போக 30,000-ஐ 100-ஆல் வகுத்து வரும் 300 மணி நேரம் போதும். அதாவது இரண்டு வாரம்கூட இல்லை!

அம்மாவுக்கு இப்படிச் சொன்னேன்: "நம்ம வீட்டு ட்யூப் லைட்டு எப்பவோ ஒருக்கா போகுது. கல்யாண மண்டபத்துல நூறு ட்யூப் லைட்டு இருக்குது. அங்க வாராவாரம் ஏணியைத் தூக்கிட்டு அலையறாங்க இல்ல?" அம்மா உடனே தலையாட்டினார். எனவே ஒரு தட்டு போனாலும் தகவல் போகாமல் இருக்க ஒரு வழி வேண்டும். அந்த வழிகளுக்குத்தான் எண் கொடுத்திருக்கிறார்கள். 1988 கட்டுரையில் 1 முதல் 5 வரை இருந்தது. 0, 6 ஆகியவை பிறகு சேர்ந்தவை.

எங்கள் குழு நோட்டில் ரெய்டு

எங்கள் தெருவில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று இருக்கிறது. அதற்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது நான்தான். அந்த நோட்டை வைத்தே எல்லா ரெய்டுகளையும் விளக்கிவிடலாம்.

ரெய்டு 0: கணக்கைப் பிரித்து நாலு நோட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதுவது. வேலை மளமளவென்று முடியும். ஆனால் ஒரு நோட்டு தொலைந்தாலும் கணக்கு முழுமையாக இருக்காது. அதில் உபரி என்று எதுவுமே இல்லை.

ரெய்டு 1: ஒரே கணக்கை இரண்டு நோட்டில் எழுதுவது. இதைக் கண்ணாடிப் பிரதி என்பார்கள். எங்கள் குழுவில் உண்மையிலேயே இப்படித்தான். ஒரு நோட்டு எங்கள் வீட்டில், இன்னொன்று ஊக்குநர் அக்கா வீட்டில். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஓடு ஒழுகி நோட்டு ஊறிப் போய்விட்டது. அக்கா வீட்டு நோட்டைப் பார்த்து ஒரே இரவில் புதுசு எழுதினேன்.

ரெய்டு 10: இதைப் பத்து என்று படிக்கக் கூடாது, ஒன்று-பூஜ்யம் என்று படிக்க வேண்டும். முதலில் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, பிறகு வேலையை ஜோடிகளுக்குள் பிரித்துக் கொடுப்பது. வேகமும் உண்டு, பத்திரமும் உண்டு. ஆனால் வாங்கிய தட்டுகளில் பாதிதான் பயனுக்கு வரும்.

ரெய்டு 5: கொஞ்சம் புத்திசாலித்தனமான ஏற்பாடு. முழுப் பிரதி எடுக்காமல் "கூட்டுத்தொகை" மட்டும் எழுதி வைப்பது. மூன்று பேர் கட்டிய தவணை 300, 450, 250 ரூபாய். மொத்தம் 1,000. நடுவில் உள்ள 450 அழிந்துவிட்டால் கவலை இல்லை. 1,000-இல் இருந்து 300-ஐயும் 250-ஐயும் கழித்தால் 450 கிடைத்துவிடும்.

கணிப்பொறி கூட்டுத்தொகைக்குப் பதிலாகப் பேரிட்டி என்று ஒன்றைப் போடுகிறது. மூன்று தட்டுகளில் 1, 0, 1 இருந்தால், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வருகிற மாதிரி நான்காவதில் 0 போடும். முதல் தட்டு போய்விட்டால் மீதி இருப்பது 0, 1, 0. ஒன்றுகள் இரட்டைப்படையாக வேண்டும் என்றால் போனது 1 ஆகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இந்தப் பேரிட்டியை ஒரே தட்டில் குவிக்காமல் எல்லாத் தட்டுகளிலும் மாற்றி மாற்றி எழுதுவதுதான் ரெய்டு 5. நாலு தட்டு வாங்கினால் மூன்று தட்டு அளவு பயனுக்குக் கிடைக்கும். முதலாளிகளுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை!

நிர்வாகிகள் ஏன் சிரிக்கிறார்கள்?

இனி ஜோக்குகளுக்கு வருவோம். சார் முதலில் கேட்டது இது: "தம்பி, ரெய்டு ஜீரோவுல அந்த ஜீரோ எதுக்குத் தெரியுமா? ஒரு டிஸ்க் போச்சுன்னா உனக்குத் திரும்பக் கிடைக்கிற டேட்டா அவ்வளவுதான்!" இது உலகம் முழுக்க நிர்வாகிகள் சொல்லும் ஜோக்காம்.

இரண்டாவது: ரெய்டு என்ற பெயரில் உள்ள "ஐ" என்ற எழுத்துக்கு முதலில் "மலிவான" என்று பொருள் தரும் இன்எக்ஸ்பென்சிவ் என்ற சொல்தான் இருந்தது. பிறகு விற்பனையாளர்கள் அதை "தனித்தனியான" என்று பொருள் தரும் இன்டிபென்டன்ட் என்று மாற்றிக்கொண்டார்கள். "பில்லைப் பார்த்தவன் எவனும் மலிவுன்னு சொல்ல மாட்டான், அதான் பேரை மாத்திட்டாங்க" என்றார் சார்.

மூன்றாவது: "ஒண்ணும் பூஜ்யமும் கூட்டினாலும், பூஜ்யமும் ஒண்ணும் கூட்டினாலும் கணக்கு வாத்தியாருக்கு ஒண்ணுதான். நமக்கு அப்படி இல்ல." இதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எட்டுத் தட்டுகள். ரெய்டு 10-இல் ஒன்று போய்விட்டால், மீதி ஏழில் அதன் ஜோடி ஒன்று மட்டும்தான் ஆபத்து. ஆனால் முதலில் நாலு நாலாகப் பிரித்து, பிறகு அந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றுக்கொன்று பிரதியாக்கினால் அது ரெய்டு 01. அதில் ஒரு தட்டு போனாலே அந்தக் கூட்டம் முழுவதும் வேலைக்கு ஆகாது. எதிர்க் கூட்டத்தில் உள்ள நாலில் எது போனாலும் கதை முடிந்தது. அதே எட்டுத் தட்டு, அதே பணம். ஆபத்து மட்டும் ஏழில் ஒன்றிலிருந்து ஏழில் நாலு ஆகிவிடுகிறது!

ஆனால் நிர்வாகிகள் அதிகம் கேலி செய்வது ரெய்டு 5-ஐத்தான். 2003-ஆம் ஆண்டு வாக்கில் ஆரக்கிள் தரவுத்தள வட்டாரத்தில் பெயர்பெற்ற ஜேம்ஸ் மார்ல், மோகென்ஸ் நோர்கார்ட் என்ற இருவர் ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். ரெய்டு 5 எதுவானாலும் எதிர்த்துப் போராடும் சங்கம்! அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் "பார்ஃப்" என்று வரும். அமெரிக்கப் பேச்சு வழக்கில் அதற்கு வாந்தி என்று பொருள். ரெய்டு 5 என்றாலே குமட்டுகிறது என்று சங்கத்தின் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஏன் இத்தனை கோபம்? குழு நோட்டுக்கே திரும்புவோம். 250 கட்டிய அக்கா இன்னும் 100 ரூபாய் கொடுத்து அதை 350 ஆக்குகிறார். நான் என்ன செய்ய வேண்டும்? பழைய 250-ஐப் படிக்க வேண்டும். பழைய மொத்தம் 1,000-ஐப் படிக்க வேண்டும். பிறகு 350 என்று எழுத வேண்டும். மொத்தத்தை 1,100 என்று எழுத வேண்டும். ஒரு சின்னத் திருத்தத்துக்கு நாலு வேலை! கண்ணாடிப் பிரதியில் இரண்டு நோட்டில் எழுதினால் முடிந்தது. தரவுத்தளம் என்பதோ நாள் முழுக்க இப்படிச் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்துகொண்டே இருப்பது.

ஒரு சுழலும் தட்டு விநாடிக்கு 150 வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு தட்டு சேர்ந்தால் 600. எல்லாமே சின்ன எழுத்து வேலை என்றால், ரெய்டு 10-இல் விநாடிக்கு 300 திருத்தம் செய்யலாம். ரெய்டு 5-இல் 600-ஐ நாலால் வகுத்தால் 150. "நாலு ஆளுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு ஆள் வேலை வாங்கறோம் தம்பி" என்றார் சார்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 350 என்று எழுதிவிட்டேன். மொத்தத்தை மாற்றுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மொத்தம் 1,000 என்றே நிற்கிறது. பிறகு ஒருநாள் 450 என்ற வரி அழிகிறது. கணக்குப் போட்டால் 1,000-இல் இருந்து 300 போய், 350 போய், வருவது 350. அந்த அக்காவின் 100 ரூபாய் காணாமல் போய்விட்டது. நோட்டோ எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே காட்டும்! இதைத் தடுக்கத்தான் நல்ல கட்டுப்பாட்டு அட்டைகளில் பேட்டரி வைத்த தற்காலிக நினைவகம் வைக்கிறார்கள்.

நாலாவது ஜோக் தீர்ப்பு மாதிரி. ஒரு காலத்தில் எந்தக் கோப்பை எந்தத் தட்டில் வைப்பது என்று நிர்வாகிகள் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்களாம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆரக்கிள் நிறுவனத்தின் ஹுவான் லொயைசா, "எல்லாவற்றையும் எல்லாத் தட்டுகளிலும் பரப்பு, எல்லாவற்றுக்கும் கண்ணாடிப் பிரதி வை" என்று கட்டுரை எழுதினார். அந்த ஆங்கில வாசகத்தின் முதல் எழுத்துகள் சேர்ந்தால் "சேம்" என்று வரும். எந்தக் கேள்வி கேட்டாலும் சேம் பதில்!

எங்கள் சர்வருக்கு என்ன ஆனது?

இப்போது கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். அந்தக் கம்பெனி சர்வரில் நாலு தட்டு, ரெய்டு 5. ஒரு தட்டில் ஆரஞ்சு விளக்கு பல வாரமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்ததாம். ஒரு தட்டு போனாலும் மற்றவை கணக்குப் போட்டுச் சமாளிக்கும் அல்லவா? அதனால் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "ஓடுதில்ல, ஓடட்டும்" என்று விட்டுவிட்டார்கள். ரெய்டு 5 ஒரு தட்டு போவதைத்தான் தாங்கும். இரண்டாவது தட்டும் போன அன்று எல்லாம் நின்றது.

உடனே புதுத் தட்டு போட்டிருந்தாலும் கவலை முழுதாகத் தீர்ந்துவிடாது. புதுத் தட்டை நிரப்ப மற்ற எல்லாத் தட்டுகளையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். பல சாதாரண வன்தட்டுகளின் விவரத்தாளில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகள் படித்தால் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். அது சுமார் 12.5 டெராபைட். இன்றைய தட்டுகளின் அளவுக்கு அது தொலைவில் இல்லை. அதனால்தான் இரண்டு தட்டு போனாலும் தாங்கும் ரெய்டு 6 வந்தது.

சரி, பிரதி எடுத்து வைத்திருப்பார்களே என்று கேட்பீர்கள். எடுத்திருந்தார்கள். தினமும் எடுத்திருந்தார்கள். ஆனால் அதே நாலு தட்டில், வேறு ஒரு போல்டரில்! வெளியே இருந்த நல்ல பிரதி மூன்று மாதம் பழையது. சார் மூன்று நாள் முயன்றும் அந்த மூன்று மாதத்தைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

அந்த மூன்று மாதத்தில் என்ன இருந்தது தெரியுமா? டெய்லர்களின் பீஸ் ரேட் கணக்கு. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. போனஸ் அதை வைத்துத்தான் போட வேண்டும். "பழைய மாசங்களோட சராசரி போட்டுத் தரோம்" என்று சொன்னார்கள். கணக்குப் பிரிவு வாசலில் வரிசை நின்றது. ஒரு அக்கா மகளின் கல்லூரிப் பணத்துக்காக அந்த மூன்று மாதமும் இரவு வேலை பார்த்தவர். அவர் தினமும் எத்தனை டஜன் என்று சின்ன டைரியில் எழுதி வைத்திருந்தார். அதைக் காட்டி முழுதாக வாங்கிக்கொண்டார். அவர் பக்கத்து மெஷினில் அதே இரவு வேலை பார்த்த அண்ணனிடம் டைரி இல்லை. அவருக்குச் சராசரிதான். ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

சாரும் அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "இந்த ஜோக் எல்லாம் இந்த மாதிரி வரிசையைப் பார்த்தவங்க உண்டாக்கினதுதான் தம்பி" என்றார்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

ரெய்டு 5 கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதிகம் படித்து, குறைவாக எழுதும் இடங்களுக்கு அது சிக்கனமானது. இன்று பல தரவுத்தளங்கள் சுழலும் தட்டுகளை விட்டு எஸ்.எஸ்.டி.க்குப் போய்விட்டதால் அந்த நாலு வேலையும் வேகமாக முடிந்துவிடுகிறது. ஆனால் நாலு நாலுதான், குறைவதில்லை. தட்டில் மிச்சப்படுத்தும் பணத்தை வேறு எங்கோ, வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எந்த ரெய்டும் காப்புப் பிரதி ஆகாது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். இது என் சொந்த அனுபவம். ஒருமுறை குழு நோட்டில் 450 என்பதற்கு 400 என்று எழுதிவிட்டேன். பிறகு அதைப் பார்த்து இரண்டாவது நோட்டிலும் 400 என்றே ஒழுங்காக எழுதினேன். கண்ணாடி தப்பையும் அப்படியே காட்டும்! அந்த உறுப்பினரின் தனிப் பாஸ்புக்கில் அன்றைக்கே 450 என்று எழுதியிருந்ததால்தான் தப்பு தெரிந்தது. தனியாக, வேறு இடத்தில், அந்தந்த நாளின் தேதியோடு இருப்பதுதான் காப்புப் பிரதி. அதையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு முடித்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப எங்க கணக்கும் இந்த மாதிரி ஒரு பொட்டியிலதான் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாளிலிருந்து அடுப்படியில் தொங்கும் தினசரி காலண்டரில், வேலைக்குப் போன நாளெல்லாம் பேனாவால் ஒரு கோடு போட்டு வருகிறார்.

நண்பர்களே, இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் ஏதாவது ஒரு கம்பெனியில் சர்வர் அறைக்குள் போகப் போகிறோம். முதல் நாள் உள்ளே போனதும் ஆரஞ்சு விளக்கு எங்காவது சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால், யார் என்ன சொன்னாலும், அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.